ரத்து லிங்க்கும் தனலட்சுமி அக்காவின் நெல்லும்

“இன்னாப்பா, எம்பேரு லிஸ்ட்லயே இல்லன்றான் டிரைவரு! நானே ரத்து பண்ணிட்டேன்னு சொல்றான்!”

பாகூரிலிருந்து தனலட்சுமி அக்கா போனில் கத்தியபோது காலை மணி பத்து. வில்லியனூரில் எங்கள் ஆபீஸ் ஜன்னலுக்கு வெளியே வானம் கறுத்துக்கொண்டு வந்தது. நெல் அறுக்கும் மெஷினுக்கு விவசாயிகள் போனிலேயே முறை பதிவு செய்ய, ரூபி என்ற கணினி மொழியில் ஆப் எழுதியவன் நான்தான். பதிவு செய்தவருக்கு, வேண்டாமென்றால் ரத்து செய்ய ஒரு லிங்க்கோடு எஸ்எம்எஸ் போகும். அக்காவின் நெல் முற்றிச் சாய்ந்து கிடந்தது. மழைக்கு முன் மெஷின் இறங்காவிட்டால் கதிரெல்லாம் சேற்றில் முளைத்துவிடும்.

“நீங்கதான்க்கா ரத்து லிங்க்க அமுக்கியிருப்பீங்க” என்றேன். வாய்க்கொழுப்பு.

“அமுக்கவே இல்லபா! கற்பூரத்த அணைச்சி சத்தியம் பண்ணட்டா?”

ஆப்பில் நடப்பதெல்லாம் பதிவாகும் லாகைத் திறந்து பார்த்தேன். அவருக்கு அனுப்பிய லிங்க்கிலிருந்தே ரத்து வந்திருந்தது. இன்னும் நான்கு பேருக்கும் அப்படியே.

“எஸ்எம்எஸ் வந்ததும் இன்னாக்கா பண்ணீங்க?”

“இன்னா பண்ணுவாங்க? ஊரு குரூப்புல போட்டேன். மெஷினு பக்கத்து வயல் வழியாத்தான எறங்கும்? அவங்களுக்குச் சொல்ல வேணாமா?”

அப்போதுதான் பிடிபட்டது. குரூப்பில் லிங்க் போட்டால் தலைப்போடு ஒரு சின்னப் பெட்டி வருமே, அதைக் காட்டுவதற்காகப் போனே அந்த லிங்க்கைத் திறந்து பார்க்கும். அப்படிப் பார்க்க மட்டும் சர்வருக்கு வரும் கோரிக்கை கெட் ரிக்வெஸ்ட். எதையாவது மாற்ற வருவது போஸ்ட். எது வந்தாலும் முதலில் பிஃபோர் பில்டர் என்ற வாசல்காவலைத் தாண்டித்தான் உள்ளே போக வேண்டும். அந்த பில்டரில் நான் போஸ்ட்டை மட்டும் நிறுத்தி விசாரித்தேன். கெட் சும்மா பார்க்கத்தானே வருகிறது என்று விட்டுவிட்டேன். ஒரே டச்சில் வேலை முடியட்டும் என்று ரத்தையே கெட்டில் வைத்த மகானுபாவனும் நானே! அதனால் போன் லிங்க்கை எட்டிப் பார்த்ததுமே பதிவு ரத்தாகிவிட்டது. முன்வாசலைப் பூட்டிவிட்டுக் கொல்லைக் கதவைத் திறந்து போட்ட கதைதான்.

என் மேலாளர் குமரவேல் பின்னால் வந்து நின்றார். “சர்வர ஆஃப் பண்ணிடலாமாப்பா?”

“வேணாம் சார், புதுப் பதிவும் நின்னுடும். நீங்க டிரைவருக்குப் போன் போட்டு வண்டியத் திருப்புங்க. எனக்கு அஞ்சி நிமிஷம் குடுங்க.”

பில்டரைத் திறந்தேன். ரத்து லிங்க்குக்கு கெட் வந்தால் ‘ரத்து செய்யவா?’ என்று கேட்கும் பக்கத்தை மட்டும் காட்டு, அங்கே பட்டனை அமுக்கி வரும் போஸ்ட்டை மட்டும் உள்ளே விடு என்று பில்டரை மாற்றினேன். சர்வரில் ஏற்றி, என் பெயரில் ஒரு பதிவு போட்டு, லிங்க்கை ஆபீஸ் குரூப்பில் போட்டேன். பெட்டி வந்தது. பதிவு அப்படியே இருந்தது. ஐந்து பேரையும் லிஸ்ட்டில் திரும்பச் சேர்த்தேன்.

அதற்குள் மெஷின் அடுத்த முறைக்காரர் வயலுக்காகப் பனித்திட்டு ஊர் ரோட்டுக்குப் போயிருந்தது. அக்காவின் வயலில் இறங்கும்போது மணி ஒன்று. பாதி அறுப்பதற்குள் மழை பிடித்துக்கொண்டது. மீதிப் பாதி சேற்றோடு சேறாகப் படுத்துவிட்டது.

மறுநாள் நேரில் போனேன். நன்றாகத் திட்டட்டும் என்றுதான் போனேன். குரூப்பில் போட்டதும் எப்படி ரத்தானது என்று விளக்கினேன். அக்கா திட்டவில்லை.

“ஏம்பா, இனிமே பக்கத்து வயக்காரங்களுக்குச் சொல்லலாமா, வேணாமா?” என்று மட்டும் கேட்டார்.

முறையை இழந்த ஐந்து பேருமே பக்கத்தாருக்குச் சொல்ல லிங்க்கைக் குரூப்பில் போட்டவர்கள். சொல்லாதவர் ஒருவருக்கும் ஒன்றும் ஆகவில்லை. அதை நினைத்தால் இன்றும் வெட்கமாக இருக்கிறது.

“சொல்லுங்கக்கா. தப்பு என்னுது” என்றேன்.

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பார்க்க மட்டும் வந்த ரிக்வெஸ்ட்டால் எதுவும் மாறிவிடக் கூடாது. எந்த ஆப்பானாலும் அந்த பில்டரைத்தான் முதலில் எழுதுகிறேன். எழுதி முடித்ததும் லிங்க்கை நானே ஒரு குரூப்பில் போட்டுப் பார்த்துவிட்டுத்தான் ஊருக்குக் கொடுக்கிறேன்.