இரண்டு வரி ஜன்னல்

ஈராக்கின் பஸ்ராவில், அஷார் நீதிமன்றத்துக்கு எதிரே மனு எழுதித் தருகிறவர்கள் பதினோரு பேர் இருந்தார்கள். அதில் யாருக்கும் பிடிக்காதவர் மிஸ்பான். அவருக்கும் யாரையும் பிடிக்காது. பதினாறு வருஷம் அவர் கடை வாசலில் தேநீர் விற்றேன். ஒரு நாள் கூட என் ஸலாமுக்கு முழுசாகப் பதில் சொன்னதில்லை. "ம்" என்பார், அவ்வளவுதான். அல்லாஹ் அவரை மன்னிக்கட்டும். என்னையும் மன்னிக்கட்டும், மனசுக்குள் அவரை நிறையத் திட்டியிருக்கிறேன்.

முன்பெல்லாம் குடைக்குக் கீழே உட்கார்ந்து பேனாவால் எழுதினவர். கம்ப்யூட்டர் வாங்கின பிறகு கடைக்குள் வந்தார். மற்ற கடைகளில் மனு திரை முழுக்க விரிந்து கிடக்கும். பின்னால் நிற்கிறவர்கள் சினிமா பார்ப்பது போலப் படிப்பார்கள். மிஸ்பான் அப்படி விடமாட்டார். திரையில் மனு தெரிகிற ஜன்னலை இழுத்துச் சுருக்கி, இரண்டே வரி தெரிகிற அளவுக்கு வைத்துத்தான் அடிப்பார். ஆள் எழுந்து போனால் மனுவை முதல் வரிக்குக் கொண்டுபோய், ஜன்னலைத் திரையின் அடியில் இருக்கும் பட்டையில் படுக்க வைத்துவிடுவார். அந்த ஆள் திரும்பி வந்தால்தான் அது எழும்பும்.

இதற்கு ஒரு காரணம் உண்டு. முன்பு ஒரு பெண்ணின் புகாரை அவள் மைத்துனன் பின்னால் நின்று படித்துவிட்டான். அன்று இந்தக் கடையில் கத்தி பாய்ந்தது. தரையைக் கழுவியவள் நான்தான்.

ஒரு செவ்வாய்க்கிழமை காலை வஃபீக்கா என்கிற பெண் வந்தாள். எழுதப் படிக்கத் தெரியாது. தகப்பனார் இறந்து நாற்பது நாள்தான் ஆகியிருந்தது.

"சீக்கிரம் சொல்லு. அழுகையை எல்லாம் நான் டைப் அடிக்க முடியாது" என்றார் மிஸ்பான்.

"வாப்பா மூச்சு நின்ன பிறகு எங்கண்ணன் அவர் பெருவிரலை மையில தோச்சு வீட்டுப் பத்திரத்துல வச்சுட்டான். முடி வெட்டுற ஹஷூஷ் காக்கா பாத்திருக்காரு. மய்யித்துக்குத் தாடி ஒதுக்க வந்தவரு. சாட்சி சொல்றேன்னு சொல்றாரு. ஆனா இப்பவே எங்கண்ணனுக்குத் தெரிஞ்சா அவரைப் பேச விடமாட்டான்."

மிஸ்பான் இரண்டு வரி ஜன்னலில் அடித்துக்கொண்டே போனார். அடித்து முடித்து, மெதுவான குரலில் படித்துக் காட்டினார். நான் தேநீர் வைத்துக்கொண்டிருந்ததால் என் காதிலும் விழுந்தது. இறப்புச் சான்றின் நகல் இல்லை என்று அவளை விரட்டினார். "கையை வீசிக்கிட்டு வந்திருக்கே. ஓடு, எடுத்துட்டு வா. நீதிமன்றத்துல பன்னிரண்டு மணிக்கு மனு வாங்குறதை நிறுத்திடுவான்." ஜன்னல் கீழே படுத்தது. கைநாட்டு விழாமல் எந்த மனுவையும் அவர் கம்ப்யூட்டரில் சேமிப்பதில்லை.

அவள் போன கொஞ்ச நேரத்தில் அண்ணன் சலூப் வந்தான். துறைமுகச் சரக்கு ஆபீஸில் எழுத்தர். தங்கை பின்னாலேயே ஆள் விட்டிருந்தான் போல.

"என் தங்கச்சி வந்தாளா?"

"இது கடை. வருவாங்க, போவாங்க."

"என்ன எழுதினே?"

"உங்க வாப்பாவுக்கு நான் எழுதினாக்கூட உனக்குச் சொல்ல மாட்டேன். வெளிய போ."

"சரி கிழவா. அவ மனு இந்தப் பெட்டியில இல்லைன்னு அப்பாஸ் மேல ஆணையாச் சொல்லு. போயிடுறேன்."

பொய் சொன்னவனைச் சும்மா விடாத மகான் அப்பாஸ் பேரில் பொய்ச்சத்தியம் செய்கிற துணிச்சல் பஸ்ராவில் யாருக்கு இருக்கிறது? மிஸ்பான் வாய் திறக்கவில்லை. அதுவே பதிலாகிவிட்டது.

சலூப் நாற்காலியோடு அவரைத் தள்ளிவிட்டு மவுசைப் பிடித்தான். "பதினஞ்சு வருஷமா இதுலதான் நான் குடும்பமே நடத்துறேன்" என்று பட்டையில் அழுத்தினான். ஜன்னல் எழும்பியது. மிஸ்பான் எட்டி இரண்டு விசையை ஒன்றாகத் தட்டினார். படுத்துவிட்டது. இவன் எழுப்ப, அவர் படுக்க வைக்க, மூன்று தடவை நடந்தது. நாலாவது தடவை சலூப் விசைப்பலகையைப் பிடுங்கித் தரையில் அடித்தான்.

இப்போது ஜன்னல் எழும்பி நின்றது. இரண்டு வரி. 'மாண்புமிகு நீதிபதி அவர்களுக்கு, அல்லாஹ்வின் சாந்தி உண்டாகட்டும்.'

"என்னய்யா இது, ஸலாம் மட்டும் இருக்கு?" என்று முழுசாக விரிக்கப் போனான்.

அவன் ஆபீஸில் எல்லாம் ஆங்கிலம். விரிக்கிற, சுருக்குகிற பொத்தான்கள் வலது மூலையில் இருக்குமாம். மிஸ்பானுடையது அரபி கம்ப்யூட்டர். எழுத்து வலமிருந்து ஓடுவதால் எல்லாமே மாறி, பொத்தான்கள் இடது மூலையில் இருக்கும். வலது மூலையில் ஒரு சின்னப் படம்தான். அதை இரண்டு தடவை தட்டினால் ஜன்னல் மூடிக்கொள்ளும். பழக்கப்பட்ட கை யோசிக்குமா? போய்ப் பட் பட்டென்று தட்டிவிட்டது. சேமிக்கவா என்று திரை கேட்டது. அவசரத்தில் சரியாகப் படிக்காமல், மூடவா என்று கேட்பதாக நினைத்து, "வேணாம்" என்பதில் அழுத்தினான்.

திரை வெறுமையாகிவிட்டது. பட்டையிலும் ஒன்றும் இல்லை.

"எங்கடா ஒளிச்சே?"

"நீயேதான் கொன்னே. உன் கையாலேயே" என்றார் மிஸ்பான். அவர் சிரித்து நான் பார்த்தது அன்றுதான். அது நல்ல சிரிப்பு இல்லை.

சலூப் என் பக்கம் திரும்பினான். "நீ இங்கதானே நின்னே. உனக்குக் கேட்டிருக்கும்."

எனக்குப் பொய் சொல்லிப் பழக்கமில்லை. "கேட்டேன் தம்பி. சொல்ல மாட்டேன்" என்றேன்.

என் தட்டை உதைத்தான். ஒன்பது கண்ணாடிக் குவளைகள் நொறுங்கின. சத்தம் கேட்டு நீதிமன்றக் காவலாளி வந்ததால் வெளியே போய், எதிர்ச் சுவரில் சாய்ந்து எங்களை முறைத்துக்கொண்டு நின்றான்.

பதினொன்றரை மணிக்கு வஃபீக்கா நகலோடு வந்தாள். நடந்ததைக் கேட்டு அப்படியே உட்கார்ந்துவிட்டாள். "எல்லாம் போச்சா? முதல்லேருந்து சொல்றேன். வாப்பா..."

"வாயை மூடு. நீ சொன்னது எனக்கு ஞாபகம் இருக்கு."

தரையில் கிடந்த விசைப்பலகையைத் துடைத்து மாட்டினார். ஒரு விசை தெறித்துப் போயிருந்தது, அந்த இடத்தை நகத்தால் குத்திக் குத்தி அடித்தார். ஒரு வார்த்தை கூட அவளிடம் கேட்கவில்லை.

"காக்கா பேரு ஹ..." என்று அவள் ஆரம்பித்தாள். மேஜையில் ஓங்கி ஒரு அடி. "கழுதை! வாசலுக்கே வந்துட்டான் பாரு." அவள் பயந்து முக்காட்டை வாயில் கவ்விக்கொண்டாள். இந்தத் தடவை அவர் படித்துக் காட்டவும் இல்லை. கைநாட்டை வாங்கி, காவலாளியை அவளோடு அனுப்பினார். பன்னிரண்டுக்கு நாலு நிமிஷம் இருக்கும்போது மனு உள்ளே போயிற்று.

விசாரணை நாளில் ஹஷூஷ் காக்கா வெள்ளைத் துணி உடுத்தி வந்து, பார்த்ததைச் சொன்னார். அதுவரை அவரை மிரட்ட ஒருவரும் அவர் கதவைத் தட்டியிருக்கவில்லை. சலூப் வெளியே வரும்போது எங்கள் வாசலில் துப்பிவிட்டுப் போனான்.

வஃபீக்கா ஒரு கூடை பேரீச்சம்பழம் கொண்டுவந்து, அழுதுகொண்டே துஆ செய்யக் கையேந்தினாள்.

"அதை அங்க வச்சுட்டுக் கிளம்பு" என்றார் மிஸ்பான். "அடுத்த ஆளு உக்காரணும்."

அவளைக் கண்டதும் எழுப்பியிருந்த அவளுடைய மனு ஜன்னலை அதற்குள் கீழே படுக்க வைத்துவிட்டார்.