துவான் பெயர் வைத்த கஞ்சி

மயிலம்மாளுக்கு வாய் நீளம். மலாயாவில் ரந்தாவ் ஊர்ப் பக்கத்து ரப்பர் தோட்டத்தில் புல் வெட்டுகிறவள். ஜப்பான்காரன் வந்த மறு வருடம் ரேஷன் அரிசி சுருங்கியபோது, ஓடிப்போன சீனக் காய்கறிக்காரன் விட்டுச்சென்ற கொடியை அவள் தோண்டினாள். அவன் அந்தக் கிழங்கில் சூப் வைப்பதைப் பார்த்திருக்கிறாள்.

தொடை பருமன் கிழங்கு, முழுக்க நார். இடித்து, துணியில் பிழிந்து, நாலைந்து முறை தண்ணீர் மாற்றித் தெளியவிட்டால் அடியில் வெள்ளை மாவு நிற்கும். அதில் கஞ்சி காய்ச்சினாள். வயிற்றுப்போக்கில் கிடந்த பாஞ்சாலை என்பவள் அதைக் குடித்து, இரண்டே நாளில் எழுந்து பக்கத்து வீட்டோடு சண்டை போட்டாள். உடனே கூலிக்காரர் குடியிருந்த லயம் முழுக்க அது சர்வரோக மருந்தாகிவிட்டது. கள்ளையே மறக்கடிக்கும் என்றார்கள். மயிலம்மாளின் புருஷன் மாயாண்டி மூன்று கிண்ணம் குடித்துவிட்டு நேரே கள்ளுக்கடைக்குப் போனான்.

"தெம்பா நடந்து போறாரு, அம்புட்டுதான்," என்றாள் அவள். "காய்ச்சலுக்குக் கொய்னா மாத்திரைதான் வேணும். இது வயித்த நெரப்பும்லா."

தோட்டத்துக் கணக்கு எழுதும் கிராணி ராயப்பனுக்கும் பசி. ஆனால் புல் வெட்டுகிறவளிடம் போய்க் கேட்பதா? காட்டோரத்தில் அதேபோல் மூன்றிலைக் கொடி ஒன்றைத் தோண்டி அவித்துத் தின்றார். மதியத்துக்குள் தொண்டை எரிந்தது, தலை சுற்றியது. வாந்திக்கு நடுவே, "மயிலம்மா சொன்ன கெழங்கு! வெஷம்!" என்று கத்தினார்.

விஷம் என்றால் தலை போகும் காலம். தோட்டத்து ஜப்பான் அதிகாரி அவளைக் கஞ்சிப் பானையோடு ஆபீசுக்கு வரவழைத்தார்.

"துவான், கிராணி தின்ன கொடியக் காட்டச் சொல்லுங்க," என்று உடைந்த மலாயில் அதிகாரியிடம் கேட்டாள். கொடி வந்ததும் ராயப்பனிடம் திரும்பினாள். "தொட்டுப் பாருங்க கிராணியாரே."

தொட்டார். முள் குத்தியது.

"என் கொடியில மயிருதான் இருக்கும், முள்ளு இருக்காது. இது காடோங், வெஷக் கெழங்கு. மலாய்க்காரங்களே சீவி, ஓடுற தண்ணியில நாள்கணக்கா ஊறப்போட்டுத்தான் தொடுவாங்க. படிச்சவரு நீங்க அப்படியே அவிச்சுத் தின்னுட்டு என் தலைய வாங்கப் பாக்குறீங்களா?"

அதிகாரி முதலில் அவளைக் குடிக்கச் சொன்னார். குடித்தாள். பிறகு அவரும் ஒரு வாய் குடித்தார். முகம் மலர்ந்தது.

"குசு!" என்றார். "குசு! குசு!"

ஜப்பானில் அந்தக் கிழங்குக்கு அதுதான் பெயராம். ஆபீஸ் வாசலில் நின்ற நாற்பது பேரும் உதட்டைக் கடித்துக்கொண்டார்கள். சிரித்தால் அறை விழும். அதிகாரி பானையை வைத்துக்கொண்டு அவளை அனுப்பிவிட்டார்.

லயத்துக்கு வந்ததும் அவள் முந்தானையால் முகத்தைப் பொத்திக்கொண்டாள். அடுத்த வீட்டு நீலாவதி பிடித்து உட்காரவைத்தாள். அழுகிறாள் என்று நினைத்தால், சிரித்துக்கொண்டிருந்தாள்.

ராயப்பன் ஒரு வாரம் எழவில்லை. மயிலம்மாள் தினமும் அவருக்குக் கஞ்சி அனுப்பினாள். இரண்டு நாள் அப்படியே திரும்பி வந்தது. மூன்றாம் நாள் கிண்ணம் காலி.