கடைசி சீனைச் சொன்னவர்

கழுத்தில் கத்தி இருக்கும்போது எவரும் எதிர்த்துப் பேச மாட்டார்கள். இந்த ஒரே உண்மையை வைத்துக்கொண்டு அந்தச் சலூன்காரர் பாதி ஊருடைய சினிமாவைக் கெடுத்துவைத்திருந்தார்.

வெள்ளிக்கிழமை முதல் காட்சி பார்த்துவிடுவார். சனிக்கிழமை கடை திறக்கும்போதே கதை அவர் வாயில் ஊறிக்கொண்டிருக்கும். வந்தவரை உட்காரவைத்து, துணியைக் கட்டி, கன்னத்தில் நுரை பூசி, கத்தியை வைத்த பிறகு மெல்ல ஆரம்பிப்பார்.

"அந்த டாக்டர் நல்லவன்னுதானே நினைக்கிறீங்க?"

"அண்ணே, வேணாம்ணே. சாயங்காலம் டிக்கெட் எடுத்திருக்கேன்."

"ஆடாதீங்க, வெட்டிரும். அவன்தான் வில்லன்."

ஒருமுறை ஒரு மெக்கானிக் பாதி மீசையோடு எழுந்து தியேட்டருக்கே ஓடிவிட்டார். படத்தைப் பார்த்து முடித்த பிறகுதான் மிச்சப் பாதியை எடுக்க வந்தார். படம் முடிந்ததும் திரையில் விழும் எழுத்தையே பட்டப்பெயராக்கி, சலூன்காரரை 'சுபம்' என்று கூப்பிட்டார்கள். எல்லாரும் செத்துப்போகிற படத்துக்கும் அவர்தான் சுபம்.

கெட்ட எண்ணம் ஒன்றும் கிடையாது. நல்லதாக ஒன்று கிடைத்தால் அதைத் தனியாக வைத்துக்கொள்ளத் தெரியாத மனுஷன், அவ்வளவுதான்.

அவருக்கு ஒரே மகள். தாயில்லாப் பிள்ளை. பள்ளிக்கூடத்தில் பென்சில் தொலைந்த நாளிலிருந்து எதுவானாலும் அப்பாவிடம்தான் கொட்டுவாள். வளர்ந்து, படம் வெட்டி ஒட்டுகிற எடிட்டிங் அறையில் உதவியாளராகச் சேர்ந்த பிறகும் அந்தப் பழக்கம் போகவில்லை. ஆளில்லாத நேரத்தில் கடைக்கு வந்து, சுழல் நாற்காலியில் ஏறி, சுற்றிக்கொண்டே அன்றைய கதையைச் சொல்வாள். அவர் சீப்புகளைக் கழுவிக்கொண்டே கேட்பார். அவர் வாயைத் திறக்காமல் இருந்தது அந்த நேரத்தில் மட்டும்தான்.

ஒருநாள் அழுத கண்ணும் சிரித்த முகமுமாக வந்தாள்.

"அப்பா, ஒண்ணு சொல்லணும். ஆனா சொல்லக் கூடாது."

"அப்ப சொல்லாதம்மா."

"சொல்லலன்னா வெடிச்சிருவேன்ப்பா."

சொன்னாள். படம் முழுக்க ஒருத்தன் கொலைகாரனைத் தேடி அலைகிறான். கொன்றது அவனை வளர்த்த அக்காதான். அது அவனுக்குத் தெரிந்துவிட்டது என்று அவளுக்கும் தெரியும். தெரிந்தும், கடைசியில் அவன் சட்டையில் அறுந்துபோன பொத்தானைத் தைத்துக்கொடுக்கிறாள். அந்தப் பொத்தான் காட்சியைத் தேவையில்லை என்று முன்பே ஒதுக்கியிருந்தார்கள். இவள்தான் அதைத் தேடி எடுத்துப் படத்தின் முடிவில் ஒட்டிக் காட்டியிருக்கிறாள். டைரக்டர் இன்னொரு தடவை போடச் சொல்லிப் பார்த்தாராம். பிறகு, 'இருக்கட்டும்' என்றாராம்.

"பார்த்தது டைரக்டர், எடிட்டர், நான். நாலாவதா உங்களுக்குத்தான் தெரியும். உங்க வாயை நம்பிச் சொல்றேன், என்னை என்ன பண்ணலாம்?"

"போடி. செத்தாலும் சொல்ல மாட்டேன்."

சொன்ன சொல்லைக் காப்பாற்றத்தான் செய்தார். எங்கே பேச்சுவாக்கில் இதுவும் வழுக்கி வந்துவிடுமோ என்று மற்றப் படங்களைப் பற்றிக்கூடப் பேசுவதை நிறுத்தினார். வாடிக்கையாளர்கள் பயந்துபோனார்கள். "அண்ணனுக்கு உடம்பு கிடம்பு சரியில்லையா?" என்று வாசலிலேயே விசாரித்தார்கள்.

அப்போதுதான் அந்த இன்ஷூரன்ஸ் ஏஜென்ட் முகம் மழிக்க வந்தான்.

"வரப்போற அந்தக் கொலைப் படத்துல உங்க பொண்ணு வேலை பாக்குதாமே? அங்க என்ன, எல்லாருக்கும் டீ வாங்கிக் குடுக்குதா?"

பெஞ்சில் காத்திருந்தவர்கள் சிரித்தார்கள். கத்தி நின்றது.

"டீயா? அக்காதான் கொலைகாரின்னு தெரிஞ்சப்புறம், அவ தம்பிக்குப் பொத்தான் தைப்பா பாரு, அந்தக் கடைசி சீன வெச்சதே எம் பொண்ணுய்யா!"

சொல்லிவிட்டார். பெஞ்சில் ஒருத்தர் பேப்பரை மடித்தார்.

ஏஜென்ட் பவுடர் வாசனை போவதற்குள் செல்போனில் எழுதிப் போட்டுவிட்டான். சாயங்காலத்துக்குள் ஊரே பொத்தானைப் பற்றித்தான் பேசியது. எடிட்டிங் அறையில் பெரிய விசாரணை ஒன்றும் நடக்கவில்லை. பொத்தான் விஷயம் தெரிந்தவர்களில் டைரக்டர் சொல்லியிருக்க மாட்டார், எடிட்டர் சொல்லியிருக்க மாட்டார். மிச்சம் இருந்தவளை வீட்டுக்குப் போகச் சொன்னார்கள்.

அவள் கடைக்கு வந்து வாசலிலேயே நின்றாள்.

"நீங்களாப்பா?"

பொய் சொல்லியிருக்கலாம். அவருக்கு அது வரவில்லை.

"உன்னை டீ வாங்கறவள்னு சொன்னான்மா..."

"சரிப்பா."

அவ்வளவுதான். செருப்பைக் கழற்றி அடித்திருந்தால்கூட அவர் நன்றாகத் தூங்கியிருப்பார்.

படம் வந்தது. முதல் காட்சிக்கே போனார். அக்கா ஊசியில் நூல் கோத்ததுமே முன்வரிசையில் ஒருவன், "இப்பப் பாரு, பொத்தான்!" என்று கத்தினான். அரங்கமே சிரித்தது. அழவேண்டிய இடத்தில் சிரித்தது. முடிவு தெரிந்தும் அவர் மட்டும் துண்டால் கண்ணைத் துடைத்தார். தைக்கிற கையைப் பார்த்தா, அதை அங்கே ஒட்டிய கையை நினைத்தா என்று அவருக்கே தெரியவில்லை. பெயர்கள் ஓடி முடிகிறவரை இருந்தார். மகள் பெயர் வரவில்லை. பெருக்குகிறவர் வந்து, "படம் முடிஞ்சிருச்சு சார்" என்றார்.

இப்போது அவள் அச்சுக்கடை மாடியில் ஓர் அறையில் கல்யாண வீடியோ வெட்டுகிறாள். மதியம் கடையைச் சாத்திவிட்டு அவர் சாப்பாடு கொண்டுபோவார்.

"என்னம்மா, வேலை எப்படி?"

"போகுதுப்பா."

"இது யாரு வீட்டுக் கல்யாணம்?"

"யாரோ."

முன்பாயிருந்தால் மாப்பிள்ளையின் சித்தப்பா கேமராவுக்குக் குறுக்கே வந்தது முதல், பெண் யாரைப் பார்த்து அழுதாள் என்பதுவரை கொட்டியிருப்பாள். அவர் காத்திருந்தார்.

"ஏதாவது சொல்லேம்மா. நான் யார்கிட்டயும்..."

"சொல்றதுக்கு ஒண்ணும் இல்லப்பா. நீங்க சாப்பிட்டீங்களா?"

சாப்பிட்டேன் என்றார். அவள் கோபமே இல்லாத முகத்தோடு தலையாட்டிவிட்டு, திரையைக் கொஞ்சம் தன் பக்கமாகத் திருப்பி வைத்துக்கொண்டாள்.