காதுக்காரி ஒதுக்கிய கோப்பைகள்

காதுக்காரிக்குக் கோபம் மூக்கு நுனியில் என்பது அந்தப் பீங்கான் தொழிற்சாலையில் எல்லாருக்கும் தெரியும். இருபது வருடமாக அவளுக்கு ஒரே வேலை. சூளையில் வெந்து வரும் கோப்பையைக் கைப்பிடியில் தூக்கி, வலது காதருகே வைத்து, மரக்குச்சியால் ஒரு தட்டு. நல்ல கோப்பை கணீரென்னும். கண்ணுக்குத் தெரியாத கீறல் இருந்தாலும் டொக்கென்று செத்த சத்தம் வரும். பக்கத்தில் மண் அரைக்கும் இயந்திரத்தின் இரைச்சல் குறுக்கே வராமலிருக்க இடது காதில் எப்போதும் பஞ்சு. அவள் ஒதுக்கினால் ஒதுக்கியதுதான், யாரும் மறுபடி தட்டிப் பார்ப்பதில்லை.

ஒரு மாதம் பத்துக்கு நாலு கோப்பை டொக்கென்றது. அடுத்த மாதம் பத்துக்கு ஆறு.

சூளையைப் பார்த்துக்கொண்டவன் அவளுடைய கொழுந்தன். அவளே சொல்லி வேலைக்குச் சேர்த்துவிட்டவன். அதுதான் அவளுக்கு வயிற்றெரிச்சல்.

"ஏன் தம்பி, சூட்டைப் பாக்காம தூங்குறியா? என் பேரைக் கெடுக்கன்னே வந்தியா?"

"சூடு சரியாத்தான் இருக்கு அண்ணி. இன்னொரு தரம் தட்டிப் பாருங்க."

"இருபது வருசமா தட்டுறேன். நீ எனக்குச் சொல்லித் தர்றியா?"

நேராக மேனேஜரிடம் போய்ச் சொன்னாள். மறுநாளே அவனைச் சூளையிலிருந்து எடுத்து மண் சுமக்க விட்டார்கள். ஒரே வீட்டில் இருந்துகொண்டு அவன் அவளிடம் முகம் கொடுத்துப் பேசவில்லை. போனால் போ என்று அவளும் விட்டாள். அவன் இடத்துக்கு வந்தவன் வேகவைத்த கோப்பைகளும் டொக்கென்றன. இவனும் உதவாக்கரை என்று கரித்துக் கொட்டினாள்.

அவளுடைய வலது காதில் எட்டு மாதமாகச் சீழ். ஆஸ்பத்திரிக்குப் போக மூன்று தடவை லீவு கேட்டாள். மூன்று தடவையும் மேனேஜர் நிமிர்ந்துகூடப் பார்க்காமல், "ஆர்டர் முடியட்டும்மா. காதுல சீழ் யாருக்குத்தான் வரல?" என்றார்.

ஒரு நாள் காலை குச்சியோடு எழுந்தவளுக்குக் கொட்டகையே சுற்றியது. தரையைப் பிடித்துக்கொண்டு வாந்தியெடுத்தாள். மண் அப்பிய கையோடு ஓடிவந்து ஆஸ்பத்திரிக்குத் தூக்கிப்போனவன் கொழுந்தன்தான்.

ஐந்து நாள் படுக்கவைத்து ஊசி போட்டார்கள். பிறகு கருவி வைத்துக் காதைச் சோதித்த டாக்டரம்மா சொன்னார்: "நடுக்காதுல சீழ் இத்தனை மாசம் தேங்கிக் கிடந்திருக்கு. அதோட நஞ்சு மெல்லிசான ஒரு சவ்வு வழியா உள்காதுக்குள்ள கசிஞ்சிருக்கு. நாம தள்ளாடாம நிக்கறதுக்கான உறுப்பு அங்கதான் இருக்கு. அதான் தலை சுத்துச்சு. கணீர்னு வர்ற சத்தத்தைக் கேக்குற செல்லுங்க அந்தச் சவ்வுக்குப் பக்கத்துலயே இருக்கு. அதுங்கதான் முதல்ல செத்திருக்கு."

"சரியாயிடுமா?"

"சீழை நிறுத்தலாம். செத்தது திரும்பாதும்மா. முன்னாடியே வந்திருக்கணும்."

கணீர். அந்தச் சொல் அவளை விடவில்லை. வீட்டுக்குப் போகாமல் தொழிற்சாலைக்குப் போனாள். பின்புறம் அவள் ஒதுக்கிய கோப்பைகள் குவிந்து கிடந்தன. இடது காதுப் பஞ்சைப் பிடுங்கி எறிந்துவிட்டு ஒன்றை அந்தப் பக்கம் வைத்துத் தட்டினாள். கணீர். இன்னொன்று. அதுவும் கணீர். நாற்பது தட்டினாள், இரண்டுதான் டொக்கென்றன. பாவி, நான் பாவி என்று தலையில் அடித்துக்கொண்டாள். அவளுக்கு அவள்மேலேயே பற்றிக்கொண்டு வந்தது.

கொழுந்தனைக் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு மேனேஜர் அறைக்குள் நுழைந்து, அவர் காதருகே ஒரு கோப்பையைத் தட்டிக் காட்டினாள்.

"கோப்பை நல்லாத்தான் இருக்கு. கெட்டது என் காது. இவனுக்குச் சூளையைத் திருப்பிக் குடுங்க."

"சரி விடும்மா, வெளியில சொல்லாத. அங்கதான் வேற ஆள் போட்டாச்சே."

"விட முடியாது. இவன்மேல தப்பில்லன்னு எழுதி வாசல் பலகையில ஒட்டுங்க."

"ஒட்டினா உன் வேலை போயிடும்."

"போகட்டும். நான் லீவு கேட்ட மூணு தேதியையும் கூடவே எழுதுங்க."

மேனேஜர் பேனாவைத் தொடவில்லை. அவள் குச்சியை மேஜைமேல் வைத்துவிட்டு, சுவரைப் பிடித்தபடி நகராமல் நின்றாள். கொழுந்தன் மூலையில் கிடந்த நாற்காலியை இழுத்து அவள் பின்னால் போட்டான்.

"உக்காருங்க அண்ணி. அவர் எழுதுற வரைக்கும் இருப்போம்."