கலினா, மலினாவின் கொம்புகள்

குஸ்மான் முப்பத்தொரு வருஷம் பஸ் ஓட்டியவன். மலைமேல் இருக்கும் அவன் ஊரிலிருந்து கீழே டவுன் வரைக்கும் எத்தனை வளைவு என்று தூக்கத்தில் எழுப்பிக் கேட்டாலும் சொல்வான். ஆட்டைப் பற்றிக் கேட்டால்தான் முழிப்பான். ஆடு அவன் மனைவி வேலிகாவின் பாடு. கல்யாணமான நாளிலிருந்து அப்படித்தான். பால் கறந்துவிட்டு அவள் வந்தால், "அந்த வாடையோட கிட்ட வராதே" என்று நகர்ந்துகொள்வான். அவளும் சும்மா இருக்கமாட்டாள், அவன் சட்டையிலேயே கையைத் துடைத்துவிட்டுப் போவாள்.

ஜனவரியில் வேலிகாவுக்கு இதயத்தில் வால்வு மாற்றினார்கள். பிழைத்து வந்தாளே, அதுவே பெரிய விஷயம். ஆனால் ரத்தம் உறையாமல் இருக்க ஆயுசுக்கும் மாத்திரை. வீட்டுக்கு அனுப்புகிற அன்று டாக்டர் கேட்டார், "வீட்ல என்ன வேலை பாக்குறீங்க?"

"ஆடு வளக்குறேன்."

"கொம்பு இருக்குமா?"

வேலிகா சிரித்துவிட்டாள். "ஆடுன்னா பின்ன கொம்பு இல்லாமலா?"

அவர் சிரிக்கவில்லை. "வயித்துல ஒரே ஒரு குத்து போதும்மா. உள்ள கசிய ஆரம்பிச்சா நிக்காது. கொம்பு இருக்குற ஆட்டுப் பக்கமே நீங்க போகக் கூடாது."

இருந்த நாலு ஆட்டில் மூன்றை அவள் தம்பி ஓட்டிக்கொண்டு போனான். நாலாவது ஆடு பெல்கா சினையாக இருந்தாள். அவளையும் அனுப்பலாம் என்று குஸ்மான் சொன்னதுதான் தாமதம், வேலிகா இரண்டு நாள் சாப்பிடவில்லை. பெல்கா இருந்தாள்.

மார்ச் மாசம் பெல்கா இரண்டு பெட்டைக் குட்டி போட்டாள். வேலிகா வேலிக்கு வெளியே நின்று கத்த, உள்ளே குஸ்மான் மருத்துவச்சி வேலை பார்த்தான். "மூக்கைத் துடை! சீக்கிரம்! ஐயோ மனுஷா, அது வாலு!" நனைந்து நடுங்கிய இரண்டையும் துண்டில் சுற்றி அவன் வெளியே கொண்டுவந்து கொடுத்தபோது அவள் முகத்தைப் பார்க்க வேண்டுமே! ஆஸ்பத்திரியிலிருந்து வந்தபிறகு அன்றைக்குத்தான் அவள் பழைய வேலிகாவாகச் சிரித்தாள். கலினா, மலினா என்று பேர் வைத்தாள். மார்ச் மாச வழக்கப்படி, நோய்நொடி அண்டாமல் இருக்க, சிவப்பும் வெள்ளையும் முறுக்கிய நூலை இரண்டு கழுத்திலும் கட்டினாள்.

நாலாம் நாள் கலினாவின் நெற்றியைத் தடவிக்கொண்டிருந்தவள் கையை எடுத்துவிட்டாள். மயிருக்கடியில் பயறு அளவில் இரண்டு முளை. மலினாவுக்கும் அப்படியே.

குஸ்மான் கால்நடை டாக்டர் போர்யானாவுக்குப் போன் போட்டான். வெள்ளிக்கிழமை தோறும் ஊருக்கு வருகிற பெண் அவள். "கொம்பு வேண்டாம்னா பத்து நாளுக்குள்ள முளையைச் சுட்டுடணும், குஸ்மான் மாமா. அப்புறம் மண்டையோட ஒட்டி வேர் விட்டுடும். வர்ற வெள்ளி ஒன்பதாம் நாள். யோசிச்சு வைங்க."

யோசிக்க என்ன இருக்கிறது என்று குஸ்மான் நினைத்தான். கொம்பில்லாத குட்டி வளர்ந்தால் வேலிகாவே பால் கறக்கலாம், கட்டிக்கொள்ளலாம். கொம்பு முளைத்தால் ஆறு மாசத்தில் இதுகளும் வேலிக்கு அந்தப் பக்கம். இதுகளும் போய்விட்டால் வேலிகா என்ன ஆவாள் என்று அவனுக்குத் தெரியும். ஜனவரியிலிருந்து பார்த்துக்கொண்டுதானே இருக்கிறான்.

வேலிகா முடியாது என்றாள்.

"நம்ம ஊர் மந்தையில நாப்பத்துமூணு ஆடு. அநேகமா எல்லாத்துக்கும் கொம்பு. அதுக்கு நடுவுல இதுங்க ரெண்டையும் மொட்டைத் தலையோட அனுப்புறதா? அடிச்சே கொன்னுடும்."

"மந்தைக்கு அனுப்பாதே."

"கட்டிப்போட்டு வளக்கச் சொல்றியா? உன் லைசென்ஸை மூணு மாசம் புடுங்கி வச்சப்ப வீட்டுக்குள்ள நீ ஆடின ஆட்டம் மறந்துபோச்சா?"

"அதை ஏன்டி இப்ப இழுக்குறே? ஒரு குத்துல நீ போயிட்டா நான் என்ன பண்றது? அதைச் சொல்லு!"

வேலிகா குட்டியை இன்னும் கொஞ்சம் இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

புதன்கிழமை அவர்கள் வீட்டு முறை. ஊர் மந்தைக்கென்று கூலிக்கு ஆள் கிடையாது. எந்த வீட்டில் எத்தனை ஆடோ அந்த வீட்டார் அத்தனை நாள் மொத்த மந்தையையும் மேய்க்க வேண்டும். பெல்காவுக்கு ஒரு நாள். இத்தனை வருஷம் வேலிகா போனாள். இந்தத் தடவை குஸ்மான் ரொட்டியும் வெள்ளைப் பாலாடைக்கட்டியும் பையில் போட்டுக்கொண்டு தடியோடு கிளம்பினான். மதுக்கடை வாசலில் இருந்த மிஹோ எழுந்து நின்று சல்யூட் அடித்தான்.

"டிரைவர்! எல்லாருக்கும் டிக்கெட் போட்டாச்சா? கதவைச் சாத்திட்டு எடு!"

"மொதல்ல ஏற வேண்டிய கிடா நீதான், வா" என்றான் குஸ்மான்.

மலை ஏறியபிறகு சிரிப்பு அடங்கிவிட்டது. ஸ்தமேனா என்ற அண்டை வீட்டுக்காரி ஏதோ பண்ணையிலிருந்து வாங்கிய பழுப்பு ஆடு ஒன்று மந்தையில் இருந்தது. கொம்பு சுட்ட ஆடு. கல்தொட்டிக்கு மந்தை வந்ததும் அது இருபது அடி தள்ளி நின்றுகொண்டது. தாகம் தாங்காமல் ஒரு தடவை கிட்டே வந்தது. இரண்டு ஆடுகள் சேர்ந்து அதைப் பாறையோடு வைத்து முட்டின. அது சத்தம் போடக்கூட இல்லை, பழகிப்போயிருந்தது. எல்லாம் குடித்து முடித்து, தொட்டியில் சேறும் எச்சிலும் மிஞ்சியபிறகு வந்து குடித்தது.

குஸ்மானுக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "ஏ, வரிசையில வாங்கடா!" என்று பஸ்ஸில் கத்துகிற மாதிரியே கத்திக்கொண்டு தடியோடு குறுக்கே போனான். மிஹோவின் கிடாவுக்கு வரிசை கிரிசை எல்லாம் தெரியாது. தொடையில் ஒரு குத்து விட்டது. அவன் கல்லில் உட்கார்ந்து அந்தக் கிடாவின் நாலு தலைமுறையையும் திட்டித் தீர்த்தான்.

சாயங்காலம் நொண்டாமல் நடந்து வீட்டுக்கு வந்தான், நடிப்பு பலிக்கவில்லை. "காலைக் காட்டு" என்றாள். தொடையில் உள்ளங்கை அகலத்துக்குக் கன்றிப்போய் கத்தரிக்காய் நிறத்தில் இருந்தது. வேலிகா ஒரு விரலால் அதைத் தொட்டாள். அப்புறம் மெல்ல ஸ்டூலில் உட்கார்ந்தாள்.

"இது என் வயித்துல பட்டிருந்தா…" என்றாள். "சுட்டுடலாம்."

"வேண்டாம்" என்றான் குஸ்மான்.

"என்னது?"

அவன் பழுப்பு ஆட்டைப் பற்றிச் சொன்னான். "நம்ம கலினா அப்படி ஓரமா நிக்கிறதை என்னால பாக்க முடியாது, வேலிகா."

கேட்டால் சிரிப்பீர்கள். திங்கட்கிழமை சுடு என்றவன் வேண்டாம் என்கிறான், வேண்டாம் என்றவள் சுடு என்கிறாள். வியாழன் முழுக்க அதே சண்டைதான், ஆள்தான் இடம் மாறி நின்றது. மத்தியானச் சூப்பை இரண்டு பேரும் ஆளுக்கொரு பக்கம் பார்த்துக்கொண்டு குடித்தார்கள்.

வெள்ளிக்கிழமை போர்யானா பெட்டியோடு வந்தாள். "முடிவு பண்ணியாச்சா?"

"சுடும்மா" என்றாள் வேலிகா. "சுடாதே" என்றான் குஸ்மான். ஒரே மூச்சில்.

"நல்லா இருக்கு! எனக்கு இன்னும் நாலு வீடு பாக்கி இருக்கு."

குஸ்மான் தொப்பியைக் கழற்றித் தலையைச் சொறிந்தான். "சுட்டுட்டு, மந்தைக்கு அனுப்பாம வளக்க முடியுமா?"

"ஏன் முடியாது? தினமும் ரெண்டு வேளை யாராவது நடத்திக் கூட்டிட்டுப் போய் மேய்க்கணும். மழை, பனி எல்லாம் பாக்க முடியாது. வருஷம் முழுக்க, மாமா. நல்லா யோசிங்க."

"நான் போறேன்."

வேலிகா அவனைத் திரும்பிப் பார்த்தாள். "நீயா? ஆட்டோடயா?"

"ஆமா, நான்தான். இதுல என்ன?" என்று எரிந்து விழுந்தான். அவளுக்குக் கண் நிறைந்துவிட்டது.

மரத்துப்போகிற ஊசி போட்டுக் காத்திருந்துதான் போர்யானா சூட்டுக்கோலை எடுத்தாள். வேலிகா உள்ளே போய் ரேடியோவை அலறவிட்டாள். கலினாவைத் துண்டில் சுற்றி மடியில் அமுக்கிப் பிடித்தவன் குஸ்மான்தான். மயிர் கருகிய புகை எழுந்தது. ஊசி போட்டும், பிடித்த பிடிக்குப் பயந்து அது வீறிட்டது. அதன் நெஞ்சு அவன் கைக்குள் தடதடவென்று அடித்தது. "மன்னிச்சுக்கோடி, மன்னிச்சுக்கோ" என்று அதன் காதில் சொல்லிக்கொண்டே இருந்தான். பிறகு மலினா. கால் மணி நேரத்தில் இரண்டும் பெல்காவிடம் ஓடி வாலை ஆட்டிக்கொண்டு பால் குடித்தன. குஸ்மான்தான் மத்தியானம் வரைக்கும் அதுகள் பக்கத்தை விட்டு நகரவில்லை.

அதற்கப்புறம் காலையும் மாலையும் ரோட்டோரம் இரண்டு குட்டியோடு அவனைப் பார்க்கலாம். பஸ் போனால் பழைய சகாக்கள் ஹாரன் அடிப்பார்கள், இவன் தடியைத் தூக்கிக் காட்டுவான். மந்தை புறப்படுகிற நேரத்துக்கு மட்டும் வேலிகா வாசற்கதவைப் பிடித்துக்கொண்டு நிற்பாள். கலினாவும் மலினாவும் இல்லாத மந்தையின் மணிச் சத்தம் மேலே போய் ஓய்கிற வரைக்கும் நிற்பாள். அந்த நேரத்தில் அவளிடம் அவன் பேச்சுக் கொடுப்பதில்லை.

செப்டம்பரில் ஒரு நாள். குஸ்மான் ஏணிமேல் நின்று பிளம்ஸ் பறித்துக்கொண்டிருந்தான். வேலிகா கீழே தாழ்ந்த ஸ்டூலில் உட்கார்ந்து பீன்ஸ் உரித்துக்கொண்டிருந்தாள். கலினா, இப்போது தொடையுயரம் வளர்ந்த கலினா, தோட்டத்துக் கோடியிலிருந்து தலையைக் குனிந்துகொண்டு அவளைப் பார்த்து நேராக ஓடி வந்தது.

"வேலிகா!"

கூடையைப் போட்டுவிட்டு, பாதி ஏணியிலிருந்தே குதித்து, விழுந்து எழுந்து அவன் ஓடிவந்தபோது கலினா அவள் மடியில் தலையைச் சொருகிக்கொண்டு நின்றது. வேலிகா இரண்டு கையாலும் அதை வயிற்றோடு சேர்த்துக் கட்டிக்கொண்டிருந்தாள்.

"எதுக்கு இப்படி ஓடி வர்றே?" என்றாள். "வெறும் தலைதான்."

குஸ்மான் மூச்சு வாங்க நின்றான். குனிந்து அந்தத் தலையில் கை வைத்துப் பார்த்தான். இரண்டு இடத்திலும் வழுவழுவென்று இருந்தது. அப்படியே தரையில் உட்கார்ந்தான். ஜனவரியில் ஆஸ்பத்திரி வராந்தாவில் அழாமல் வைத்திருந்ததை எல்லாம் அப்போது அழுதான். வேலிகா ஒரு கையைக் கலினாவின் கழுத்திலிருந்து எடுத்து அவன் தலைமேல் வைத்தாள்.