தோள்பட்டைக்குள் ஒரு பை

எண்பதுகளின் நடுவில், மலேசியாவில் கோல சிலாங்கூர் பக்கத்துச் செம்பனைத் தோட்டமொன்றில் என் வீட்டுக்காரர் எண்ணெய்க்கான பழக்குலை வெட்டினார். நீளக் கம்பின் நுனியில் அரிவாளைக் கட்டி, அண்ணாந்து நின்று இழுக்கும் வேலை. பின்னாலேயே போய் உதிரிப் பழம் பொறுக்குவது நான். ஒருநாள் அவருடைய வலது கை தோளுக்கு மேல் போகவில்லை. சட்டைக்குள் கையை நான்தான் நுழைத்துவிட வேண்டியிருந்தது. கை போனால் வெட்டுக்காரனுக்கு என்ன மிச்சம்?

தோட்டத்து வரிசை வீடுகளான எங்கள் லயத்தில் எந்த வலிக்கும் ஒரே வைத்தியம்தான்: சதைக்கட்டு உடைகிறவரை அமுக்கு. வேலை விட்டு வந்ததும் நல்லெண்ணெயைச் சூடாக்கி, மூன்று வாரம் கட்டைவிரலால் அழுத்தினேன். எனக்கு முன்கோபம் வேறு. "ஆம்பளதானே, பல்லக் கடிச்சிட்டு இருங்க!" என்பேன். அவரும் இருந்தார். கடைசியில் அந்தப் பக்கமாகப் படுக்கவே முடியாமல் போனது.

டவுனில் ஒரு தமிழ் டாக்டரிடம் கூட்டிப்போனேன்.

"எலும்புக்கும் தசைநாருக்கும் நடுவுல சின்னதா ஒரு பை இருக்கும்மா. கை உரசாமத் தூக்குறதுக்கு. தெனம் கம்பத் தூக்கித் தூக்கி அது வீங்கிப்போச்சு. அதப் போட்டு யாரு இப்படி அமுக்குனது?"

இவர் முந்திக்கொண்டு, "நான்தான் டாக்டர், எடது கையால," என்றார்.

டாக்டர் மாத்திரை கொடுத்தார். கம்பைத் தொடக்கூடாது, ஐஸைத் துணியில் சுற்றி வைக்க வேண்டும், வலி தணிந்ததும் குனிந்து நின்று கையைத் தொங்கவிட்டு மெதுவாக ஆட்ட வேண்டும் என்றார்.

"வலிக்குதுன்னு வாயத் தொறந்து சொன்னா என்னங்க? நான் என்ன பேயா?" பஸ்ஸிலேயே கத்திவிட்டேன்.

அவர் ஜன்னலைப் பார்த்தபடி சொன்னார்: "விடிஞ்சதுலேருந்து ஓடிக்கிட்டே இருக்க. எம் பக்கத்துல நீ உக்கார்றது அந்த எண்ணெ தேய்க்கிற நேரம் மட்டுந்தான் புள்ள."

அழுகை பொத்துக்கொண்டு வந்தது.

வேலையை மேற்பார்க்கும் மண்டோர் இரக்கப்பட்டு அவரையும் உதிரி பொறுக்கப் போட்டார். சாயந்திரம் கடையில் ஐஸ் வாங்கி வந்து, தோளில் வைத்துப் பிடித்துக்கொண்டு கதை பேசுவேன். இரண்டு மாதம் போனது. ஒருநாள் லயத்துக்குப் பின்னால் போனால், மனுஷன் வலது கையை உயரத் தூக்கிப் பப்பாளி பறித்துக்கொண்டிருக்கிறார்!

"கை எப்பலேருந்து தூக்க வருது?"

"ஒரு வாரம் இருக்கும்லா," என்று தலையைச் சொறிந்தார்.

திருட்டு மனுஷன். அன்றைக்கும் போய் ஐஸ் வாங்கி வந்தேன்.