விரல் நுனியில் தொண்ணூற்றெட்டு

பினாங்கின் ஜார்ஜ் டவுனில் ஒரு மருத்துவமனையின் அவசரப் பிரிவில் நான் டாக்டராகச் சேர்ந்த முதல் வாரம் அது. கூட வேலை பார்த்த ஜமாலும் என்னைப் போலவே புதியவர்தான். சூலியா தெருவில் அவருடைய அப்பா சாப்பாட்டுக் கடை வைத்திருந்தார். மத்தியானம் அங்கிருந்து வரும் நாசி கண்டார் பொட்டலத்தை இருவரும் பங்கிட்டுக்கொள்வோம். குழம்பில் ஊறிய அந்தச் சோற்றின் வாசனை இன்றைக்கும் மூக்கில் இருக்கிறது.

அன்று பொட்டலத்தைப் பிரிக்கும்போதே மரியதாஸ் என்பவரைத் ஸ்ட்ரெச்சரில் கொண்டுவந்தார்கள். நாற்பத்தைந்து வயது, சுங்கை பினாங்கில் வீடு, புக்கிட் தெங்காவில் ஒரு தொழிற்சாலையில் சூப்பர்வைசர். உதடு நீலம் பாரித்திருந்தது.

"நாலு நாளா சளி டாக்டர். இன்னிக்கு வேலை செய்யற கிலாங்லயே மயங்கிட்டாருன்னு போன் வந்துச்சு," என்றார் அவர் மனைவி செசிலியா.

மணிக்கட்டுத் தமனியிலிருந்து ரத்தம் எடுத்து பிளட் கேஸ் பரிசோதனைக்கு அனுப்பிவிட்டு, மாஸ்க் போட்டோம். விரலில் மாட்டிய கருவியில் ஆக்சிஜன் அளவு ஏறி தொண்ணூற்றெட்டில் நின்றது. செசிலியா சிலுவைக் குறி போட்டுக்கொண்டார். எனக்கும் மூச்சு வந்தது.

"ஆரம்ப நிமோனியாதான் லா. ஆன்டிபயாடிக் போட்டு வார்டுக்கு அனுப்பிடலாம்," என்றார் ஜமால்.

ஆனால் எக்ஸ்ரேயில் நுரையீரல் சுத்தமாக இருந்தது. பிளட் கேஸ் முடிவும் வந்தது. மாஸ்க் போடுவதற்கு முன் ரத்தத்தில் ஆக்சிஜன் அழுத்தம் ஐம்பது, நூற்றுக்குப் பக்கம் இருக்க வேண்டியது; கார்பன் டை ஆக்சைடு எழுபத்திரண்டு, நாற்பதுக்குப் பக்கம் இருக்க வேண்டியது. எக்ஸ்ரே உறையின் பின்பக்கத்தில் ஏ-ஏ கிரேடியன்ட் போட்டுப் பார்த்தேன். நுரையீரலின் காற்றுப்பைக்குள் இருக்கும் ஆக்சிஜனுக்கும், அங்கிருந்து தமனி ரத்தத்துக்கு வந்து சேர்ந்த ஆக்சிஜனுக்கும் உள்ள இடைவெளிதான் அது. நிமோனியா என்றால் பாதை அடைபட்டு அந்த இடைவெளி அகலும். இவருக்குக் காற்றுப்பையிலேயே அறுபதுதான் இருந்தது. இடைவெளி வெறும் பத்து, சாதாரண அளவுதான்.

"ஜமால், நுரையீரல் வந்த காத்தை ஒழுங்காத்தான் ரத்தத்துல சேர்க்குது. காத்துதான் போதுமா உள்ள போகல."

"அப்போ மூச்சு ஏன் இழுக்கல?"

அதுதான் கேள்வி. இருவரும் கட்டிலருகே போனோம். மூச்சுத் திணறும் மனிதர் திமிறுவார், உட்காரப் பார்ப்பார். இவர் அமைதியாகக் கிடந்தார். அந்த அமைதி சரியாகப் படாமல் அவர் பக்கம் குனிந்தேன்.

"அண்ணே, ஒரே மூச்சுல ஒண்ணு ரெண்டு எண்ணுங்க."

ஐந்துக்கு மேல் குரல் வரவில்லை. மேலே பார்க்கச் சொன்னேன். சற்று நேரத்தில் இமைகள் தாமாகச் சரிந்தன.

"அக்கா, இந்தக் கண்ணு எப்பலேர்ந்து இப்படி?"

"ரெண்டு மாசமா. காலையில நல்லாத்தான் இருப்பாரு. சாயங்காலம் இமை இறங்கிடும், சோத்தை மெல்லவே கஷ்டப்படுவாரு. வேலைக் களைப்புன்னு நெனச்சோம்."

ஐசியூவில் இடம் கேட்டு எங்கள் நிபுணர் டாக்டர் சந்திரனுக்குப் போன் செய்தேன்.

"தொண்ணூத்தெட்டு இருக்குல்ல? எதுக்கு ஐசியூ?"

"அது மாஸ்க் குடுக்கிற நம்பர் டாக்டர். கார்பன் டை ஆக்சைடு வெளியே போகல. கிரேடியன்ட் பத்துதான். மூச்சு இழுக்கிற தசை ஓஞ்சு போச்சு."

"டியூப் ரெடி பண்ணும்மா. வர்றேன்."

அவர் வந்து சேர்வதற்குள் மரியதாஸ் கூப்பிட்டால் கண் திறப்பதையும் நிறுத்தியிருந்தார். விரலில் அப்போதும் தொண்ணூற்றெட்டுதான். தொண்டை வழியாக டியூப் போட்டு, வென்டிலேட்டரில் இணைத்தோம். மயஸ்தீனியா என்ற தசைத் தளர்ச்சி நோய் என்று பிறகு உறுதியானது. சளி அதைக் கிளறிவிட்டிருந்தது. சிகிச்சை பலித்து டியூப்பை எடுத்த காலையில் நானும் ஜமாலும் பக்கத்தில் நின்றோம். மரியதாஸ் கரகரத்த குரலில் மனைவியிடம் முதலில் கேட்டது, "நீ சாப்பிட்டியா?"

செசிலியா முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு வெளியே போய்விட்டார். ஜமால் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

இப்போது நான் ஓய்வு பெற்றுவிட்டேன். இளம் டாக்டர்கள் கேட்டால் இதைத்தான் சொல்கிறேன். ரத்தத்தில் ஆக்சிஜன் குறைந்தால், மாஸ்க் போட்டு எண்ணை ஏற்றுவதோடு வேலை முடிவதில்லை. ஏன் குறைந்தது என்று கண்டுபிடித்தபின்தான் முடிகிறது.